ஒலிப்பெட்டியும் பொருள்வரைதல் விரதமும்



தசலட்சணப் பர்வத்தின் ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்ய தர்மத்திற்கு உரியது என்பதை யாவரும் அறிவீர்கள். எனது என்று சொல்ல ஒன்றுமில்லாத அந்நிலை முனிவர்க்கு உரியது. இல்லறத்தாராகிய நமக்கு ஆசாரியர்கள் கருணையோடு வகுத்தளித்தது, ‘இவ்வளவு போதும்’ என்று நாமே எல்லை கட்டிக்கொள்ளும் பரிக்ரகப் பரிமாணம் என்னும் அணுவிரதம். இதனைப் பற்றி எழுதுமாறு கேட்டபோது நிலம், பொன், தானியம் என்று வழக்கமான எடுத்துக்காட்டுகளையே எழுத எண்ணியிருந்தோம். ஆனால் சென்னையிலிருந்து வந்த எம் பேரன் கேட்ட ஒரு கேள்வி எம்மை வேறு வழியில் திருப்பிவிட்டது.

“பாட்டி, பழைய பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒரு ஜோடி வாங்குகிறேன், கொஞ்ச நாள் கேட்கிறேன், விற்றுவிட்டு அதைவிட நல்லதாக ஒன்று வாங்குகிறேன். ஒரு நேரத்தில் என்னிடம் இருப்பது ஒரு ஜோடிதான். இதில் விரதத்துக்கு என்ன பங்கம்?” என்றான். ஐந்தாண்டுகளில் அவனுக்கு இது மூன்றாம் ஜோடி.

அவனுக்கு உடனே விடை கூற இயலவில்லை. ஏனெனில் அவன் கேட்டது, வேதாரண்யத்து வீட்டில் யாமே பல ஆண்டுகளுக்கு முன் எமக்குள் சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த வரலாற்றை மறைக்காமல் எழுதுவதே முறை.

வேதாரண்யம் உப்பளத்து ஊர். 1930-இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்த ஊர். சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்கள் 1946-இல் நிறுவிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இருக்கும் ஊர். இவ்வூர்ச் சிவன் கோயிலில் உறையும் அம்மனுக்கு, யாழின் இனிமையையும் வென்ற மொழியாள் என்னும் பொருளில் பெயர் வழங்குகிறது. அதனாலேயே இங்குக் கலைமகள் வீணையின்றி இருக்கிறாள் என்பார்கள். இசையைப் பெரிதாக மதிக்கும் சோழநாட்டு மண் அல்லவா! ஆசிரியப் பயிற்சி முடித்து, மணமாகி, இவ்வூரில் பணியாற்ற வந்தபோது எம்மைச் சுற்றி நம்மவர் வீடுகள் இல்லை. தரிசனத்திற்கு மன்னார்குடி மல்லிநாதர் ஆலயத்திற்கோ தீபங்குடிக்கோதான் செல்ல வேண்டும். எம் இல்லத்தாரும் ஆசிரியர்; உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவர். அவருக்கு வேறு எந்தப் பழக்கமும் கிடையாது. இசை ஒன்றுதான்.

1979-இல் எட்டு அங்குலக் கூம்பு பொருத்திய ஸ்பீக்கர் பெட்டி இரண்டு வாங்கினோம். 1981-இல் சிரவணபெளகுளத்தில் பகவான் பாகுபலியின் திருவுருவம் நிறுவப்பெற்ற ஆயிரமாவது ஆண்டை ஒட்டி மகாமஸ்தகாபிஷேகம் நடந்தது. மாமியாரையும் அழைத்துக்கொண்டு சென்றோம். அங்கே ஒரு முனிவர் பெருமானின் முன்னிலையில் இருவரும் பரிக்ரகப் பரிமாணம் ஏற்றோம். வீடு ஒன்று, பட்டுப்புடவை இல்லை, நகை இவ்வளவு சவரன் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியபோது, ‘ஸ்பீக்கர் பெட்டி இரண்டு’ என்ற வரியையும் அவரே எழுதினார். எவ்வளவு நேர்மை என்று அப்போது மகிழ்ந்தோம்.

1984-இல் நாகப்பட்டினத்தில் ஒரு குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தனர். சிங்கப்பூரில் வாணிபம் செய்து திரும்பியவர்கள். ராஜூலா கப்பல் ஓடிய நாள் முதலாக நாகைத் துறையில் வந்திறங்கிய அயல்நாட்டுப் பொருள்கள் நம் தஞ்சைத் தரணியில் எத்தனையோ வீடுகளில் உண்டு. அவர்களிடம் இடுப்பளவு உயரமுள்ள, பன்னிரண்டு அங்குலக் கூம்புடைய பெட்டிகள் இரண்டு இருந்தன. ரூபாய் 4,200. எட்டு அங்குலத்தை உடன் பணிபுரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இவற்றைக் கொண்டுவந்தோம். இருந்தது இரண்டு, இருப்பதும் இரண்டு. நோட்டுப் புத்தகத்தில் ஒரு திருத்தமும் வேண்டியிருக்கவில்லை.

பெரிய பெட்டி ஏன் என்று இளையோர் வியக்கலாம். காரணம் உண்டு. வினாடிக்கு நாற்பது முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். அத்தகைய ஒலியை எழுப்ப மிகுந்த காற்றை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். அதற்கு அகன்ற கூம்பும் பெரிய பெட்டியும் உதவுகின்றன. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்சூர் என்பவர், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலும் தாழ்ந்த ஒலியைப் பெறலாம் என்று செய்து காட்டினார். அதன் பிறகும் பெரிய பெட்டியின் மீதுள்ள மோகம் உலகில் குறையவில்லை. திரையரங்குகளுக்காகச் செய்யப்பட்ட அமெரிக்கப் பெட்டிகளை ஜப்பானியர் தேடித் தேடி வாங்கி வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டனர்.

இந்த இடத்தில் ஒன்று. ஒலி என்பது ஆகாயத்தின் குணம் என்று பிற மதத்தார் வாதிட்டபோது, அது புத்கலத்தின் பரியாயமே என்று நம் ஆகமம் உறுதியாகக் கூறியது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள், நிழல், இருள், வெயில் ஆகியவற்றோடு ஒலியையும் ஒரே வரிசையில் வைக்கிறார். சுவரில் மோதித் திரும்புவதும், தட்டில் பதிவதும், கூம்பில் பிறப்பதும் உடையது வேறெதுவாக இருக்க முடியும்? எம் இல்லத்தார் வகுப்பில் ஒலியியல் பாடம் நடத்திவிட்டு வந்து இதனைச் சொல்லிச் சொல்லி வியப்பார். ஆனால் வியந்தவரே அந்தப் புத்கலத்தில்தான் கட்டுண்டார்.

இசை கேட்பது பாவம் என்று யாரும் எண்ண வேண்டா. நம் திருத்தக்கதேவர் பாடிய சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையின் முன் கொண்டுவந்த யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக விலக்குகிறான். இது நீரில் நின்று நைந்த மரம், இது வாள் வெட்டுண்டது, இது இடி விழுந்தது என்கிறான். நரம்பைப் பிரித்து உள்ளே மறைந்திருந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். கருவியின் குறையை அறிவது கலை. அதைச் சபையில் வெளிப்படையாகக் கூறுவது வாய்மை. இந்தப் பகுதியை வகுப்பில் பல முறை நடத்தியிருக்கிறோம். நடத்திய கையே பின்னர் என்ன செய்தது என்பதைக் கேளுங்கள்.

1992 கோடை விடுமுறையில் ஒரு திரையரங்கில் பழைய சாதனங்களை விற்பதாகச் செய்தி வந்தது. பதினைந்து அங்குலக் கூம்பு. ஆளுயரத்திற்குச் சற்றுக் குறைவான பெட்டிகள். இல்லத்தார் சேமநிதியில் கடன் பெற்று முன்பணம் கட்டிவிட்டார். பன்னிரண்டு அங்குலத்தை விற்று மீதியைக் கட்ட வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நாகசுர வித்துவான் ஒருவர் 6,500 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ள இசைந்தார். எட்டாண்டுகள் பயன்படுத்திய பொருளுக்கு 2,300 ரூபாய் லாபம்! பழையன விலை ஏறும் என்ற எண்ணம் எம் வீட்டில் அப்போதுதான் நுழைந்தது. அதன் பிறகு பாட்டு ஒரு பக்கமும் விலை ஒரு பக்கமுமாகக் காதில் விழத் தொடங்கியது.

அவர் வருவதாகச் சொன்ன நாளின் காலை, இல்லத்தார் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தார். பெட்டியின் முன்துணியைக் கழற்றித் துடைத்தோம். ஒரு கூம்பின் விளிம்பில் கை பட்டதும் கரிய தூள் உதிர்ந்தது. அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் கூம்பையும் சட்டத்தையும் இணைக்கும் விளிம்பு நுரைப்பொருளால் ஆனது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் அது தானே பொடிந்துபோகும். எம் ஊரின் ஈர உப்புக் காற்றில் இன்னும் விரைவில். கையளவு நீளத்திற்கு வெடித்திருந்தது. கடன் நினைவுக்கு வந்தது. பள்ளிக் கைவினை வகுப்புக்கு வைத்திருந்த பசையை எடுத்து ஒட்டினோம். மேலே கறுப்பு மை தடவினோம். முன்துணியை மாட்டினோம். இல்லத்தாரிடம் சொல்லவில்லை. வித்துவான் வந்து, “குறை ஏதும் இல்லையே, ஐயா?” என்று கேட்டபோது, அறியாத அவர் “இல்லை” என்றார். யாம் அருகில் நின்று, “பத்திரமாக வைத்திருந்தோம், அண்ணா” என்றோம். அச்சொற்களில் பொய் எதுவும் இல்லை. சொன்ன எம்மிடம் உண்மை எதுவும் இல்லை.

ஆடி அமாவாசைக்கு வேதாரண்யத்தில் கடலாட வரும் கூட்டத்தை அறிவீர்கள். அவ்வாண்டு அந்தக் கூட்டத்தில் வித்துவானின் மனைவி எம்மைக் கண்டு வீட்டுக்கு வந்தார். மோர் கொடுத்தோம். சற்றுத் தயங்கிவிட்டு, “டீச்சரம்மா, உங்களிடம் மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னார். நீங்கள் எட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை அவர் ஒரு வாரத்தில் கெடுத்துவிட்டார். ராஜரத்தினம் பிள்ளை தோடித் தட்டைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினாராம், கிழிந்துவிட்டது. தவிலின் தொப்பி அடிக்கும் போதெல்லாம் கரகரவென்று உதறுகிறது. பட்டிக்காட்டான் கையில் நல்ல பொருள் தங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்” என்றார்.

ஒரு முகூர்த்தப் பருவம் முழுவதும் வாசித்துச் சேர்த்த பணம் அது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். அறிந்தும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மையாரைப் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினோம்.

தசலட்சணம் வந்தது. மூன்றாம் நாள் உத்தம ஆர்ஜவம்: மனம், சொல், செயல் மூன்றும் நேர்க்கோடாக இருத்தல். அன்று இரவு பிரதிக்கிரமண பாடத்தை ஓதும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. இல்லத்தாரிடமும் மாமியாரிடமும் நடந்ததைக் கூறினோம்.

இல்லத்தார் நெடுநேரம் பேசவில்லை. மாமியார்தான் பேசினார். எம்மைக் கடியவில்லை, மகனைப் பார்த்தார். “கும்பகோணத்தில் சேட்டு வீட்டு அம்மாள் ஒருத்தி எனக்கு ஒரு கதை சொன்னாள். பாத்திரம் பத்துக்கு மேல் வைப்பதில்லை என்று விரதம் எடுத்தவன், மேலும் பாத்திரம் வந்ததும் எல்லாவற்றையும் உருக்கிப் பெரிய பெரிய பாத்திரமாக வார்த்துக்கொண்டானாம். எண்ணினால் பத்துக்கு மேல் இல்லை. உன் பெட்டியும் அப்படித்தானே, அப்பா?” என்றார்.

பின்னாளில் தேடியபோது, குஜராத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரரின் யோகசாஸ்திரத்தில் இத்தகைய அதிசாரங்கள் விளக்கப்பட்டிருப்பதை அறிந்தோம். இரண்டு வீடுகளுக்கு இடையிலுள்ள சுவரை இடித்து ஒன்றாக்கி, வீடு ஒன்றே என்பது. மிகுந்த பொன்னைப் பிறர் கையில் கொடுத்துவைத்து, என்னிடம் இல்லை என்பது. பாத்திரங்களை உருக்கிப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் காப்பது. விரதத்தின் சொல்லுக்கு உயிர் இருக்கும், விரதத்திற்கு இருக்காது. பதினைந்து அங்குலக் கூம்பின் பரப்பு எட்டு அங்குலக் கூம்பைப் போல மூன்றரை மடங்கு. இயற்பியல் ஆசிரியர் அந்தக் கணக்கை அன்றிரவு தாமே போட்டார்.

நம் சமந்தபத்திர சுவாமிகளோ ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு வேறு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார்: அளவுமீறி ஓட்டுதல், மிகையாகச் சேர்த்தல், வியப்பு, லோபம், மிகுசுமை ஏற்றுதல். இவற்றுள் வியப்பு எப்படிக் குற்றமாகும் என்று நெடுநாள் விளங்கவில்லை. உரையில்தான் தெளிந்தது. ஒரு பொருளை விற்றுவிட்ட பிறகு, அதே பொருளில் பிறர் அதிக ஊதியம் பெற்றதை அறிந்து திகைத்து வருந்துவதே அது. நல்ல விலை கிடைத்த பின்னும் இன்னும் வேண்டும் என்பது லோபம். பழைய பொருளை வாங்கி விற்பவரின் நெஞ்சை இதனினும் நுட்பமாக யாரால் எழுத முடியும்? வாங்கும்போது ஏமாந்தோமோ என்ற ஐயம். வைத்திருக்கும்போது இன்னும் ஏறுமோ என்ற ஆசை. விற்றபின் அவசரப்பட்டோமோ என்ற புழுக்கம். பாட்டுக் கேட்க நேரம் எங்கே? பற்றை மூர்ச்சை என்ற சொல்லால் உமாசுவாமிகள் குறித்தது எவ்வளவு பொருத்தம்! மூர்ச்சையுற்றவனுக்குக் காது கேட்காது.

மறுநாளே பேருந்தேறித் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சென்றோம். வித்துவான் திண்ணையில் சீவாளி சீவிக்கொண்டிருந்தார். பசை, மை, மௌனம் மூன்றையும் யாமே கூறினோம். பாதி கூறும்போதே அவர் சீவாளியைக் கீழே வைத்துவிட்டார். இல்லத்தார் 6,500 ரூபாயையும் எடுத்து நீட்டினார். சகோதரி ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய பணம் அது.

அவர் வாங்கவில்லை. “பணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன கேட்பது? பெட்டியைச் சரிசெய்து கொடுங்கள். தொப்பி கேட்க வேண்டும்” என்றார். சற்றுப் பொறுத்து, “என் கைதான் கெடுத்தது என்று மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, டீச்சர்” என்றார். அவர் சினந்து பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இல்லத்தார் கூம்புகள் இரண்டையும் கழற்றிச் சென்னைக்கு எடுத்துச் சென்றார். ரிச்சி தெருப் பக்கம் பழுது பார்ப்பவர், மெல்லிய ஆட்டுத்தோலால் விளிம்பு கட்டினால் நெடுநாள் உழைக்கும் என்றாராம். வேண்டா என்று மறுத்து, துணி விளிம்பு கட்டி வாங்கி வந்தார். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. இசைச் சாதனம் அஹிம்சைக்கு வெகு தொலைவிலுள்ள பொருள் என்று எண்ணிவிடுகிறோம். பழைய பெட்டிகளில் தோல் விளிம்பு உண்டு. உயர்ந்த ஒலிக்குரிய சிறு கூம்புகள் சிலவற்றில் பட்டுத்துணி உண்டு. பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை. எண்ணற்ற பூச்சிகளின் உயிர் அதில் உண்டு. அரக்கு வாணிகத்தைச் சிராவகன் விலக்க வேண்டிய தொழில்களுள் வைத்தார்கள் நம் முன்னோர். பட்டுப்புடவை உடுத்துவதில்லை என்று விரதம் எழுதிய எம் வீட்டில், பட்டு வேறு உருவில் பாடிக்கொண்டிருந்ததோ என்னவோ! வாங்குமுன் கேட்டறிவது நம் கடன்.

பெட்டிகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் பொருத்திய அன்று, லாபமாகப் பெற்ற 2,300 ரூபாயை மட்டும் வற்புறுத்தி அவர் மனைவியின் கையில் கொடுத்தோம். தோடித் தட்டு சுழன்றது. வித்துவான் கண்ணை மூடிக்கொண்டு தவிலின் தொப்பிக்கு மட்டும் தொடையில் தாளமிட்டார். அந்தப் பெட்டியில் எட்டாண்டுகள் கேட்டவர்கள் யாம். அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

1993 டிசம்பரில் மீண்டும் சிரவணபெளகுளத்தில் மகாமஸ்தகாபிஷேகம். சென்றோம். முனிவர் பெருமானிடம் ஆலோசனை செய்து, நோட்டுப் புத்தகத்தை வைத்து விரதத்தைப் புதுப்பித்தோம். அதன் பிறகு அந்தப் பதினைந்து அங்குலப் பெட்டிகள் எம் கூடத்தை விட்டு அகலவில்லை. அவற்றைவிட நல்லவை இரண்டு முறை விலைக்கு வந்தன. இல்லத்தார் போய்க் கேட்டுவிட்டு மட்டும் வந்தார். அவர் 2011-இல் மறைந்தார். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது எம் வீட்டு ஓடுகள் பறந்தன. தென்னையும் மாவும் சாய்ந்த ஊரில் யாரும் பெட்டியைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் இல்லை. இரண்டு நாள் மழையில் நனைந்து பலகை ஊதிப்போயிற்று. காந்தச் சட்டமெல்லாம் துரு. பேரன் வந்து பார்த்து, “முன்பே விற்றிருந்தால் நல்ல விலை வந்திருக்குமே, பாட்டி” என்றான். வியப்பு என்னும் அதிசாரம் அவனுக்கும் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டோம்.

இவ்வாண்டு அவன் கேட்ட கேள்விக்கு வருவோம். வாங்கி விற்பதை விட்டுவிடு என்று அவனுக்குக் கூறவில்லை. வரம்பை எண்ணிக்கையால் மட்டும் எழுதாதே. விலையால் எழுது, வீட்டில் அது கொள்ளும் இடத்தால் எழுது, ஒன்றை வைத்துக் கேட்க வேண்டிய குறைந்த காலத்தையும் எழுது என்றோம். விற்கும்போது மாற்றிய விளிம்பு, மாற்றிய கம்பி, ஒட்டிய பலகை யாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடு. வாங்குபவர் கேட்கும்வரை காத்திராதே என்றும் கூறினோம். இதனால் விலை குறையும் என்றான். குறையும்தான்.

பின்னர் அலமாரியிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினோம். புயலில் ஓரம் நனைந்து மை கலைந்திருக்கிறது. ‘ஸ்பீக்கர் பெட்டி இரண்டு’ என்ற வரிக்கு அருகில், 1993-இல் அவன் தாத்தா சிவப்பு மையில் எழுதியது தெளிவாகவே தெரிகிறது: ‘பதினைந்து அங்குலம். இனி மாற்றமில்லை.’ பேரன் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனான். மூன்றாம் ஜோடி இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. நான்காவதைப் பற்றி அவன் பேசவில்லை, யாமும் கேட்கவில்லை.